கல்லடியிலிருந்து பொத்துவில் வரை: ஓர் இரவு அஞ்சலோட்டத்தின் மதிப்பீடு

கடந்த மார்ச் மாதம், பூரணையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தடியில் தொடங்கி, மறுநாள் முற்பகலில் பொத்துவிலில் நிறைவுற்ற அஞ்சலோட்டத்தில் எங்கள் அணியும் பங்குபற்றியது. ஒருவருக்கு 4,500 ரூபாய் கட்டணம் அறவிட்டு நடத்தப்பட்ட நிகழ்வு என்பதால், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது, எங்கே குறை இருந்தது என்பதை அடுத்த முறை பதிவு செய்ய எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓட்டத்துக்கு முந்திய பதினான்கு வாரப் பயிற்சி மிகச் சிறப்பானது. இரவு நேர ஒழுங்குகள் நன்று. கோமாரியை அண்டிய கடைசிப் பகுதியில் நடந்தவை ஏற்றுக்கொள்ளத் தக்கவை அல்ல.

ஓட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஏ4 நெடுஞ்சாலை வழியே நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் இருபது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அணிக்குப் பத்துப் பேர். ஒவ்வொருவரும் ஐந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய இரண்டு கட்டங்களை, ஏறக்குறைய ஆறேழு மணி நேர இடைவெளியில் ஓட வேண்டும். ஓடாத நேரத்தில் அணியின் வேனில் அடுத்த கைமாற்று நிலையத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். இவ்வகை ஓட்டம் வெளிநாடுகளில் புதியதல்ல. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு தொடங்கிய ஹூட் டு கோஸ்ட் ஓட்டத்தில் ஓர் அணியின் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று முறையாக 36 கட்டங்களை ஓடி, மலைச்சரிவிலிருந்து கடற்கரை வரை 300 கிலோமீற்றருக்கு மேல் கடக்கிறார்கள். ஜப்பானியர் இதை எகிடென் என்பார்கள். 1917ஆம் ஆண்டிலேயே கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு அப்படி ஓடியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கோலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு துணிப்பட்டியை அணிந்து ஓடி, அதைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

எங்கள் ஏற்பாட்டாளர்கள் அந்தத் துணிப்பட்டி முறையையே பின்பற்றினார்கள். அணிக்கொரு நிறத்தில், மருதமுனைக் கைத்தறியில் நெய்வித்த பட்டிகளைக் கொடுத்தார்கள். எங்களுடையது கருநீலம், ஓரத்தில் மஞ்சள் கரை. தொடக்கத்தில் அது கஞ்சி போட்ட விறைப்புடன், புதுச் சாரத்தின் மணத்துடன் இருந்தது. நான்கு பேரின் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு என் கைக்கு வந்தபோது துவண்டு, கனத்து, கழுத்தில் பட்டதும் சில்லென்று ஒட்டிக்கொண்டது. அருவருப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே நினைத்திருந்தேன், அப்படி இருக்கவில்லை. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் கோலை வாங்கிய காலத்தில் அது தவறி விழுந்துவிடக் கூடாது என்ற பதற்றம் மட்டுமே இருந்தது. இந்தப் பட்டியை அணிந்தபோது, எனக்கு முன் ஓடிய நால்வரின் உழைப்பும் என் தோளில் ஏறிவிட்டதாக உணர்ந்தேன். கட்டணத்தில் எந்தச் செலவைக் குறைத்தாலும் இந்தத் துணிப்பட்டியில் மட்டும் ஏற்பாட்டாளர்கள் கைவைக்கக் கூடாது.

நான் இதில் சேர்ந்த காரணத்தைச் சொன்னால்தான் பயிற்சியைப் பற்றிய என் பாராட்டு விளங்கும். எனக்கு வயது 47. கணக்குப் பிரிவில் வேலை. நாளில் எட்டு மணி நேரம் கதிரையில் கழிகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெறும் வயிற்றில் சோதித்தபோது குருதியில் சீனியின் அளவு 118 மில்லிகிராம் என்று வந்தது. 126ஐத் தொட்டால் நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடைப்பட்டது எச்சரிக்கை நிலை. என் அம்மா பல ஆண்டுகள் இன்சுலின் ஏற்றி, காலில் இரண்டு விரல்களை இழந்தவர். அவருடைய புண்ணுக்கு மருந்து கட்டிய கை என்னுடையது. ஆகவே இந்த நோய் என்ன செய்யும் என்பதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைவாக நட என்று வைத்தியர் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. காந்திப் பூங்காவைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டுவிட்டேன். மழை வந்தது, மாத முடிவுக் கணக்கு வந்தது, மகளின் பரீட்சை வந்தது. நான் போகாத நாளில் யாருக்கும் எந்த நட்டமும் ஏற்படவில்லை என்பதே விட்டதற்கு உண்மையான காரணம்.

அஞ்சலோட்டத்தில் அப்படி விட முடியாது. என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பிதான் அணிக்கு ஒருவர் குறைகிறார் என்று கேட்டு என் பெயரை எழுதினார். பதிவு செய்த மறுநாளே ஏற்பாட்டாளர்களின் பயிற்றுநர் ஒருவர் எங்கள் பத்துப் பேரையும் தொலைபேசிக் குழு ஒன்றில் சேர்த்து, ஆளாளுக்குத் தனித்தனி அட்டவணை அனுப்பினார். என்னுடையது ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடப்பது என்று தொடங்கியது. வாரத்துக்கு நான்கு நாட்கள்; தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் ஓய்வு இல்லை. ஏன் இந்தக் கண்டிப்பு என்று கேட்டபோது அவர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. உழைக்கும் தசை குருதியிலுள்ள சீனியை இழுத்துக்கொள்கிறது, ஓடி முடித்த பின்னும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்குகிறது, அதற்கு மேல் இடைவெளி விட்டால் அந்தப் பயன் கரைந்துவிடுகிறது என்றார். கிளினிக் வாங்கில் காத்திருந்து பெற்ற மூன்று நிமிட ஆலோசனையில் இது எனக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய், சனி நாட்களில் காலை ஐந்து மணிக்கு வெபர் மைதானத்தில் கூட்டுப் பயிற்சி நடந்தது. முதல் மாதம் நான் அங்கு போனது உடல்நலத்துக்காக அல்ல; வராதவரின் பெயரைச் சொல்லி மற்றவர்கள் ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குவார்கள் என்பதற்காக. பனிக்குளிரில் ஒன்பது பேரைக் காக்க வைக்க மனம் ஒப்பவில்லை. ஆறாவது வாரத்தில் நிற்காமல் பதினைந்து நிமிடம் ஓடினேன். பத்தாவது வாரத்தில் கல்லடிக் கடற்கரை வீதியில் ஐந்து கிலோமீற்றரை நடக்காமல் முடித்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கை நடுங்கியது. அம்மாவின் படத்தின் முன் போய் நின்றேன். அன்று எனக்குள் ஏற்பட்ட நிறைவை வேறு எந்தச் சொல்லாலும் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சியில் ஒரு குறை உண்டு. சப்பாத்து வாங்குவது பற்றிய அறிவுரை மிகவும் பிந்தி, எட்டாவது வாரத்தில்தான் வந்தது. அதற்குள் எங்களில் மூவருக்கு முழங்கால் வலி கண்டுவிட்டது. பெருவிரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையில் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்ற எளிய விடயங்களை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

இனி ஓட்ட இரவு. இரவில் ஓட வைப்பது விளம்பரத்துக்காகச் செய்த புதுமை என்று சிலர் குறை கூறினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் கரையில் மார்ச் மாத வெயிலில் பத்து மணிக்குப் பின் தார் வீதியில் நிற்கவே முடியாது. மறுபுறம், திருக்கோவிலுக்குத் தெற்கே காடு வீதியை நெருங்கும் இடங்களில் யானை நடமாட்டம் இருப்பதால் அந்தப் பகுதியை இருட்டில் கடப்பதும் சரியல்ல. ஒன்பது மணிக்குக் கல்லடியில் புறப்பட்டால் ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் வடக்குப் பகுதியை இரவிலும், ஆளரவம் குறைந்த தெற்குப் பகுதியை விடிந்த பின்னும் கடக்கலாம். நன்கு யோசித்துச் செய்த நேரக் கணக்கு இது. 1924ஆம் ஆண்டில் திறந்த பழைய பாலத்தைத் தொடக்க இடமாகத் தெரிவு செய்ததும் பொருத்தமே. 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் வந்த பின் பெரிய வாகனங்களின் தொல்லை அங்கே இல்லை என்பதால் அணிகள் நெருக்கடியின்றிப் புறப்பட முடிந்தது.

என் முதற் கட்டம் செட்டிபாளையத்தில் தொடங்கியது. நள்ளிரவை நெருங்கிய நேரம். ஒளிதெறிக்கும் மேலங்கியும் நெற்றி விளக்கும் கட்டாயம் என்று ஏற்பாட்டாளர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்; விளக்கு எரியாத ஒருவரை எங்கள் கண்முன்னே நிறுத்தி, மாற்று விளக்குக் கொடுத்த பின்னரே ஓட விட்டார்கள். பெண்கள் ஓடும் கட்டங்களில் இருபது மீற்றர் பின்னால் ஒரு தொண்டர் சைக்கிளில் வந்தார். என்னோடு வந்த பிள்ளைக்கு இருபது வயதுக்கு மேல் இராது. களுதாவளைக்கு அருகில் நாய்கள் மூன்று வீதிக்கு ஓடி வந்தபோது, "நில்லுங்க அக்கா, ஓடாதீங்க, நடங்க" என்று சொல்லி, சைக்கிளை எனக்கும் நாய்களுக்கும் இடையில் கொண்டு வந்து நிறுத்தினான். அதன் பின் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. நிலவு தலைக்கு மேல் இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இடப்புறத்திலிருந்து அதன் இரைச்சல் விடாமல் கேட்டது. மூச்சு இறுகும்போதெல்லாம் அந்த இரைச்சலுக்கு ஏற்றவாறு மூச்சை இழுத்துவிட்டேன்.

மலசலகூட வசதி போதாது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கைமாற்று நிலையங்கள் பெரும்பாலும் பாடசாலை வளவுகள். அவற்றில் இரண்டில் திறப்பு வைத்திருந்தவரைக் காணவில்லை. ஆண்கள் எப்படியோ சமாளித்தார்கள். பெண்கள் அடுத்த நிலையம் வரை அடக்கிக்கொண்டு போனார்கள். இதனால் எங்கள் அணியின் இரண்டு பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு இது ஆபத்து. இரவு முழுவதும் நடக்கும் நிகழ்வுக்குப் பெண்களை அழைப்பவர்கள் இதை முதல் வேலையாகக் கவனிக்க வேண்டும்.

கல்முனை, சாய்ந்தமருது வழியாக வேனில் போகையில் அதிகாலை இரண்டு மணி கடந்திருந்தது. திறந்திருந்த ஒரு தேநீர்க் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தோம். கடைக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். விபுலானந்த அடிகளார் பிறந்த காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் கழிந்தன. நான் வேனில் சற்றுக் கண்ணயர்ந்தேன்.

இரண்டாவது கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். திருக்கோவிலுக்குத் தெற்கே, விநாயகபுரத்தை அடுத்து இருந்த கைமாற்று நிலையத்துக்கு ஓர் எல்லை நேரம் இருந்தது. காலை ஏழு மணிக்குள் அணியின் பட்டி அங்கே வந்து சேராவிட்டால், வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடிப்பதற்காக, அடுத்தவரை வெறும் வெள்ளைப் பட்டி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜப்பானில் 1920ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் ஹகோனே எகிடெனிலும் இத்தகைய விதி உண்டு. அங்கே பின்தங்கிய அணியின் மாணவர் தன் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க ஆளில்லாமல் நிற்பதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டியைக் கொண்டுவர வேண்டியவர் அணியில் மூத்தவர், 56 வயது, நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். ஆறு ஐம்பத்திரண்டு ஆகியும் அவரைக் காணவில்லை. தொண்டர் ஒருவர் வெள்ளைப் பட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அதைப் பார்க்காமல் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஐம்பத்தாறுக்கு வளைவில் கருநீலம் தெரிந்தது. அவர் ஓடவில்லை, நடந்து, ஓடி, மீண்டும் நடந்து வந்தார். பட்டியைத் தலைக்கு மேலாகக் கழற்றும்போது அது மூக்குக்கண்ணாடியில் சிக்கிக்கொண்டது. நானே விடுவித்து எடுத்தேன். "பிந்திப்போச்சு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். "நேரம் இருக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வழியில் சீனி இறங்கி நடுக்கம் கண்டதாகவும், பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தபடி பொக்கற்றில் வைத்திருந்த குளுக்கோசு மாவைத் தின்றுவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து, நடுக்கம் தணிந்த பிறகே எழுந்து வந்ததாகவும் பின்னர் அறிந்தேன். மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் ஓட்டத்துக்கு முன் தங்கள் வைத்தியரிடம் மருந்தின் அளவைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். பயிற்றுநர் இதைப் பலமுறை வலியுறுத்தினார். ஆனால் பதிவுப் படிவத்தில் நோய் உண்டா இல்லையா என்று ஒரு சிறு பெட்டியில் அடையாளமிடுவதுடன் விடயம் முடிந்துவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் வைத்தியச் சான்றிதழ் கேட்பதே முறை.

நான் ஓடிய அந்தப் பகுதிக்கு அப்பால் இருக்கும் சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்கு எல்லை. கடற்பக்கமிருந்து வெயில் நேரே கன்னத்தில் அடித்தது. தாண்டியடிப் பக்கம் வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா தும்புத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, "எங்க மகள், கதிராமத்துக்கா? இன்னும் கொடியேறல்லையே" என்று கேட்டார். கதிர்காமத்தின் ஆடி விழாவுக்காக வடக்கிலிருந்து கால்நடையாக வரும் அடியார்கள் திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டுக்குள் இறங்கும் பாதை இதுதான். ஆண்டாண்டாக அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பழகியவர் அவர். "பொத்துவிலுக்கு அம்மா" என்றேன். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நின்று குடித்தேன். அரை நிமிடம் போயிருக்கும். அந்தத் தண்ணீரை மறக்க முடியாதிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

அதற்கு அடுத்த நிலையத்தில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. கோமாரிக்கு முன்னும் பின்னும் இரண்டு நிலையங்களில், காலை எட்டரைக்குப் பின் வந்த அணிகளுக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. முன்னால் வந்த வேகமான அணிகள் தலையில் ஊற்றிக்கொண்டதால் தீர்ந்தது என்று விளக்கம் தந்தார்கள். மெதுவாக ஓடுபவர்கள்தான் அதிக நேரம் வெயிலில் நிற்கிறார்கள், அவர்களுக்குத்தான் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்பது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியாத விடயமல்ல. எங்கள் வேனில் சொந்தமாகப் பதினைந்து லீற்றர் தண்ணீரும் ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் பைக்கற்றுகளும் இருந்ததால் தப்பினோம். இன்னோர் அணிக்கும் பகிர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த ஓர் இளைஞர் தலைசுற்றிப் படுத்துவிட்டார். அம்புலன்ஸ் விரைந்து வந்தது, தாதி நன்றாகக் கவனித்தார், அவரும் தேறிவிட்டார். எனினும் இந்தப் பகுதியில் கடைகள் குறைவு என்பதால், அடுத்த முறை பதிவு செய்பவர்கள் கோமாரிக்கு இருபுறமும் தண்ணீர் பவுசர் நிற்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் கேளுங்கள்.

பொத்துவிலை எங்கள் பட்டி பத்து மணி தாண்டிப் பதினெட்டு நிமிடத்துக்கு அடைந்தது. மொத்தம் பதின்மூன்று மணி பதினெட்டு நிமிடம். இறுதி நூறு மீற்றரைப் பத்துப் பேரும் சேர்ந்து ஓட அனுமதித்தார்கள். அதன்பின் இடியப்பம், சொதி, மீன் குழம்பு, கோழிக்கூட்டு வாழைப்பழம் என்று வயிறாறச் சாப்பாடு. நேரப் பட்டியல் பதினொரு நாள் கழித்தே வெளிவந்தது. அதிலும் எங்கள் இரண்டு கட்டங்களின் பெயர்கள் இடம் மாறியிருந்தன, கேட்டதும் திருத்தினார்கள். ரீசேட் தரம் குறைவு, இரண்டு முறை தோய்த்ததும் எழுத்து உரிந்துவிட்டது.

செலவைப் பொறுத்தவரை, கட்டணத்துக்கு அப்பால் வேன் வாடகையும் எரிபொருளும் பத்தாகப் பிரித்து ஆளுக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் வந்தது. எனக்கு அது தகும் செலவு. வேகத்துக்காக ஓடுபவர்களுக்கு இந்த நிகழ்வு அவ்வளவு பொருந்தாது. வீதி முழுமையாக மூடப்படுவதில்லை, நேரக் கணிப்பும் துல்லியமில்லை. தனியாக நடக்கத் தொடங்கி இடையில் விட்டு, மீண்டும் தொடங்கி மீண்டும் விட்டு, அதனால் மனம் சோர்ந்துபோன என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல வழியொன்றை நான் இங்கே கண்டதில்லை.

ஓட்டம் முடிந்து மூன்று வாரங்களுக்குப் பின் வெறும் வயிற்றில் சோதித்தேன்: 103. வைத்தியர் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பயிற்சிக் கட்டணக் காலம் முடிந்துவிட்டாலும் எங்கள் அணி செவ்வாயும் சனியும் ஐந்து மணிக்கு வெபர் மைதானத்துக்கு இன்னும் வருகிறது. மூத்தவர் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு நாடா கட்டியிருக்கிறார். கருநீலப் பட்டியை வாரத்துக்கு ஒருவர் வீட்டில் தோய்த்து வைக்கிறோம். இந்த வாரம் அது என் வீட்டுக் கொடியில் காய்கிறது.